80டி-யா, டி7200-ஆ? எல்லைப் பக்கம் செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள செங்கோட்டையில் இருந்துகொண்டு நான்கு வருடம் ஒரு கேனன் 1300டி-யை வைத்தே காலம் தள்ளினேன். கோயில் கொடை, காதுகுத்து, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், சீசனுக்குக் குற்றாலம் வருகிற நண்பர்கள் என்று எல்லாவற்றுக்கும் அதுதான். அடுத்த படிக்குப் போகலாம் என்று நினைத்தபோது எல்லோரும் சொன்னது இரண்டே பெயர்: கேனன் 80டி, நிக்கான் டி7200. அவசரப்பட்டு முதலில் வாங்கிய பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) நான்கே மாதத்தில் ஷட்டர், அதாவது வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் கதவு, போய் உட்கார்ந்தது. அது எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, ஏனென்றால் தப்பு கம்பெனியுடையது இல்லை, பார்க்காமல் வாங்கிய என்னுடையது. 11 ஆயிரம் ரூபாய் நஷ்டம், ஏழு மாதம் வீண். உங்களுக்கு அது நேர வேண்டாம்.

கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த இந்த வகை கேமரா) மாடல் எதையும் விடவில்லை. இரண்டு பேரும் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டார்கள். அதனால் இந்த இரண்டையும் இப்போது பெரும்பாலும் பழையதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறும்போது நல்ல பாடிகள் வெளியே வருகின்றன. ஓடித் தேய்ந்தவையும் அதே கூட்டத்தில்தான் வருகின்றன.

1. பாடி மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

"மண்டபத்துக்குள் படம் இருட்டாக வருகிறது, ஆடிப்போகிறது" என்பது மட்டும்தான் குறை என்றால் கேமராவை விடுங்கள், ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்கள். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய வாய் அகலம்). 1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எந்தப் புது பாடியும் அந்தப் பணத்துக்கு இந்த வித்தியாசத்தைத் தராது. நிக்கான் டி3400 மாதிரி ஆரம்ப நிலை கேமரா வைத்திருப்பவர்கள் ஏஎஃப்-எஸ் என்று எழுதிய, உள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உள்ள லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே மோட்டார் இல்லாத பழைய டி வகை லென்ஸ் அதில் மாட்டும், ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது.

தாலி கட்டும் அந்த இரண்டு விநாடி கைநழுவுகிறது, ஓடுகிற பிள்ளை மீது ஃபோகஸ் நிற்கவில்லை, ஒவ்வொரு அமைப்புக்கும் மெனுவுக்குள் போய்த் தேட வேண்டியிருக்கிறது என்பவைதான் பாடி மாற்றச் சரியான காரணங்கள். 1300டி-யில் ஃபோகஸ் புள்ளிகள் 9, விநாடிக்கு 3 படம். 80டி-யில் 45 புள்ளிகள், 7 படம். டி7200-ல் 51 புள்ளிகள், 6 படம். கட்டை விரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று என்று இரண்டு டயல் இருப்பதன் அருமை ஒரு முகூர்த்தம் எடுத்தால் தெரிந்துவிடும்.

2. பையில் இருக்கும் லென்ஸை எண்ணுங்கள். ஊரில் இருக்கும் லென்ஸையும் எண்ணுங்கள்

கேனன் லென்ஸ் நிக்கானில் மாட்டாது, நிக்கான் லென்ஸ் கேனனில் மாட்டாது. இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் விலை பார்க்கும்போது மறந்துவிடுகிறோம். டி7200 பாடி ஆறாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று நான் குதித்தேன். என் பையில் அப்போது இருந்தவை கேனனின் 18-55, 55-250, 50 எம்எம், ஒரு ஃபிளாஷ். நான்கையும் விற்று நிக்கானில் அதே நான்கை வாங்கக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 14 ஆயிரம் கூடுதல். ஆக, ஆறாயிரம் லாபம் உண்மையில் எட்டாயிரம் நஷ்டம்.

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. அவசரத்துக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்? "அண்ணாச்சி, நாளைக்கு ஒரு முகூர்த்தம் இருக்கு, உங்க 70-200-ஐ ஒருநாள் தாங்க" என்று கேட்கக்கூடிய ஆள் எந்தக் கம்பெனி வைத்திருக்கிறார்? எனக்குத் தெரிந்த மூன்று ஸ்டுடியோவும் கேனன். ஒரு லட்சத்தைத் தொடும் லென்ஸை இரவல் வாங்க முடிகிற வசதியை எந்த விமர்சனத்திலும் எழுத மாட்டார்கள். உங்கள் ஊரில் எல்லோரும் நிக்கான் என்றால் இந்த வாதத்தை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் அப்பாவோ மாமாவோ விட்டுப்போன பழைய நிக்கான் லென்ஸ் இருந்தால் டி7200-க்குத் தனி மதிப்பு. பாடிக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் டி வகை லென்ஸ்கள் வேலை செய்யும். கையால் ஃபோகஸ் செய்யும் ஏஐ வகை லென்ஸிலும் வெளிச்சம் அளந்து காட்டும். 2017-ல் வந்த டி7500-ல் அந்த ஏஐ வசதியை எடுத்துவிட்டார்கள், இரண்டாவது கார்டு இடத்தையும் எடுத்துவிட்டார்கள். "புது மாடல்தானே நல்லது" என்று யாராவது தள்ளிவிடப் பார்த்தால் இதை ஞாபகம் வையுங்கள்.

பின்னால் மிரர்லெஸ் போகும் எண்ணம் இருந்தாலும் லென்ஸ் கணக்கு முக்கியம். கேனனின் ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் அதன் ஆர் வகை மிரர்லெஸ் கேமராவில் ஃபோகஸ் உட்பட வேலை செய்யும். நிக்கானின் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களும் அதன் மிரர்லெஸ்ஸுக்கான எஃப்டிஸெட் அடாப்டரில் அப்படியே. ஆனால் அந்த அடாப்டருக்குள் மோட்டார் கிடையாது, டி வகை லென்ஸில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

கம்பெனி மாறுகிறவர்களுக்கு இன்னொன்று: இரண்டிலும் ஜூம் வளையம் எதிரெதிர்ப் பக்கம் சுழலும். கை பழகச் சில மாதம் ஆகும். அந்த மாதங்களில் நெருங்கிய உறவுக் கல்யாணம் எதுவும் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

3. எது எந்த வேலைக்கு

இரண்டும் 24.2 மெகாபிக்சல். இரண்டிலும் ஷட்டர் வேகம் 1/8000 விநாடி வரை, இரண்டிலும் வைஃபை. காகிதத்தில் அக்கா தங்கை மாதிரி இருக்கும்.

வீடியோ எடுப்பீர்கள் என்றால் யோசிக்க வேண்டாம், 80டி. திரையைப் பார்த்து எடுக்கும்போது அதன் ஃபோகஸ் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். விரலால் முகத்தைத் தொட்டால் போதும். டி7200 திரை வழியாக எடுத்தால் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் தரும். இரண்டிலும் 4கே கிடையாது.

80டி-யின் திரை வெளியே திறந்து எல்லாப் பக்கமும் திரும்பும். தென்காசித் தேரோட்டத்தில் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து எடுக்கவும், தரையில் படுக்காமல் கோலத்தை எடுக்கவும் இது எவ்வளவு உதவி என்பது முட்டிவலி உள்ளவர்களுக்குப் புரியும். டி7200 திரை அசையாது, தொட்டாலும் கேட்காது.

போட்டோ மட்டும்தான், அதிலும் இயற்கைக்காட்சி என்றால் டி7200. புளியரை வயல்களை விடியலில் எடுத்துப் பாருங்கள். மேலே வானம் வெளுத்திருக்கும், கீழே மலை நிழல் கறுப்பாகக் கிடக்கும். ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் படமாக) எடுத்து, பிறகு நிழலை ஏற்றும்போது டி7200 சுத்தமாகத் தரும். 80டி-யில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பிக்கும். வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் இருக்கிறது.

காசு வாங்கிக் கல்யாணம் எடுப்பவர்களுக்கு டி7200-ல் இருக்கும் இரண்டு கார்டு இடம் பெரிய தைரியம். ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவாகும். 80டி-யில் ஒரு கார்டுதான். கார்டு செத்துப்போனால் மாப்பிள்ளையை மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது. நான் 80டி-யில் இதற்குச் செய்வது: 128 ஜிபி ஒன்றாகப் போடாமல் 32 ஜிபி கார்டுகளை மாற்றி மாற்றிப் போடுகிறேன். போனால் ஒரு பகுதி போகும், முழுக் கல்யாணமும் போகாது.

மழைக்கு இரண்டையுமே நம்பாதீர்கள். இணைப்புகளில் தூசியும் ஈரமும் புகாத தடுப்பு இருக்கிறது என்பது உண்மை, ஆனால் கிட் லென்ஸில் அது கிடையாது. ஐந்தருவிப் பக்கம் சாரலில் நின்றால் ஈரம் லென்ஸ் வழியாகத்தான் உள்ளே போகும். லாட்ஜில் தருகிற பிளாஸ்டிக் ஷவர் தொப்பி இரண்டு பையில் கிடக்கட்டும்.

என் தீர்ப்பு: கையில் லென்ஸே இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர், வீடியோவும் வேண்டாம் என்றால், டி7200 வாங்கலாம். மற்ற யாரும் ஏற்கெனவே இருக்கும் கம்பெனியை விட்டு நகர இந்த வித்தியாசங்கள் போதாது. நான் 80டி வாங்கினேன்.

4. ஆடி மாதத்தில் இரண்டையும் வாடகைக்கு எடுங்கள்

நம் பக்கம் ஆடியில் முகூர்த்தம் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் அதே நாட்களில் கர்க்கடக மாதம், அங்கேயும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை இரு பக்க ஸ்டுடியோக்களிலும் கேமரா சும்மா கிடக்கும். வாடகையும் குறையும், விற்கிற மனசும் வரும். அவர்களுடைய சிங்ஙம் மாதம் (நம் ஆவணி) பிறந்து ஓணமும் கல்யாணமும் தொடங்கிவிட்டால் பேரம் பேசவே முடியாது. நான் முதல்தடவை ஏமாந்தது ஆவணியில்தான்.

அதே மாதங்களில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தியும் பூத்திருக்கும், குற்றாலத்தில் சாரலும் இருக்கும். ஒருநாள் ஒரு கேமரா, மறுநாள் இன்னொன்று. காலையில் பூ வயல், சாயங்காலம் கோயிலுக்குள் விளக்கு வெளிச்சம், நடுவில் வீட்டுப் பிள்ளைகள் ஓடுவது. நான் இரண்டு நாளுக்குக் கொடுத்தது 1,600 ரூபாய். கையில் பிடிக்கும்போது சுண்டுவிரல் கீழே தொங்குகிறதா என்று பாருங்கள். நாள் முழுக்கத் தூக்குகிறவருக்கு அது மெகாபிக்சலைவிடப் பெரிய விஷயம்.

5. பணம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்

நான் தேடிய சமயத்தில் என்னிடம் சொன்ன விலைகள், பாடி மட்டும்: டி7200 28 முதல் 34 ஆயிரம், 80டி 34 முதல் 40 ஆயிரம். உங்கள் நேரத்துக்கு மாறியிருக்கும், ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஐந்தாயிரமாவது தனியாக எடுத்து வையுங்கள். பழைய பேட்டரி பாதி நாளில் படுத்துவிடும், கார்டு வாங்க வேண்டும், சென்சார் (உள்ளே படம் பதிவாகும் தகடு) சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். பேட்டரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கம்பெனி பெயர் அச்சடித்த போலி ஏராளம். 80டி-யின் எல்பி-ஈ6 வகை பேட்டரி, டி7200-ன் ஈஎன்-ஈஎல்15 வகை பேட்டரி இரண்டுமே அந்தந்தக் கம்பெனியின் பின்னால் வந்த பல மிரர்லெஸ் கேமராக்களுக்கும் பொருந்தும் குடும்பம்தான், காசு வீணாகாது.

6. கல்ஃப் செட் என்றால் விலையை இறக்குங்கள்

கொல்லம், புனலூர் பக்கம் விற்பனைக்கு வருவதில் நிறைய கேமராக்கள் வளைகுடாவிலிருந்து வந்தவை. பொருள் அசல்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பாடிக்கான வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். "இன்டர்நேஷனல் வாரண்டி உண்டு சேட்டா, அடிபொளி கண்டிஷன்" என்று என்னிடம் விற்றவர் சத்தியம் செய்தார். ஷட்டர் போனபின் சர்வீஸ் சென்டரில் சீரியல் எண்ணைப் பார்த்துவிட்டு, காசு கட்டித்தான் சரி செய்ய வேண்டும் என்று 9,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் செய்தது சரிதான்.

அடையாளம் எளிது. சார்ஜர் பிளக்கில் தடித்த செவ்வகக் கால்கள் மூன்று இருந்தால் அது வளைகுடாப் பெட்டி. வாரண்டி கார்டில் எந்த நாட்டு விற்பனையாளர் முத்திரை என்றும் பாருங்கள். வாரண்டி காலம் எப்படியும் முடிந்திருக்கும் பழைய பாடிக்கு இது பெரிய தடை இல்லை, ஆனால் "வாரண்டி இருக்கு" என்று சொல்லி மூவாயிரம் ஏற்றி வாங்க விடாதீர்கள்.

7. போவதற்கு முன்பே ஷட்டர் எண்ணிக்கை

ஷட்டர் ஆயுள், அதாவது எத்தனை கிளிக் தாங்கும், என்று கம்பெனி சொல்வது 80டி-க்கு ஒரு லட்சம், டி7200-க்கு ஒன்றரை லட்சம். அதைத் தாண்டியும் ஓடும், அதற்கு முன்பும் போகும். ஒரு கல்யாணத்துக்கு 2,000 கிளிக் என்றால் 50 கல்யாணத்தில் ஒரு லட்சம். ஸ்டுடியோ கேமரா என்றால் மனதுக்குள் இந்தக் கணக்கு ஓடட்டும்.

நிக்கானில் பார்ப்பது சுலபம். கேமராவிலிருந்து நேராக எடுத்த ஒரு ஜேபெக் படத்துக்குள்ளேயே எண்ணிக்கை பதிவாகியிருக்கும். அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் அழிந்துவிடும். டாக்குமென்டாகவோ மெயிலிலோ அனுப்பச் சொல்ல வேண்டும். 80டி படத்துக்குள் இது இருக்காது. கேமராவை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, அதற்கென்று இருக்கும் மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். அதனால் லேப்டாப்போடு போங்கள். "பார்க்க முடியாது, ஆனா கம்மியாத்தான் ஓடியிருக்கு" என்கிறவரிடம் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். நான் அப்படித் திரும்பியிருக்க வேண்டியவன்.

8. நேரில் பார்க்கும் நாற்பது நிமிடம்

பகலில் போங்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாகக் கொல்லம் போகும் ரயில் மலைப்பாதையில் மெதுவாகத்தான் இறங்கும், திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்தே பேசுங்கள். விற்பவர் கொல்லம் என்றால் புனலூரில் சந்திக்கக் கேட்டுப் பாருங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள். உங்கள் சொந்த லென்ஸ், கார்டு, லேப்டாப், டார்ச் உள்ள போன் கையில் இருக்கட்டும்.

முதலில் வெளித் தோற்றம். கைப்பிடி ரப்பர் உப்பியிருக்கிறதா, வெள்ளை பூத்திருக்கிறதா, அடியில் உள்ள திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா? தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். 80டி என்றால் திரையைப் பலமுறை திறந்து திருப்பிப் பாருங்கள், படம் துடிக்கக் கூடாது. டி7200 என்றால் இரண்டு கார்டு இடத்திலும் கார்டு போட்டு எழுதுகிறதா என்று பாருங்கள், பெரும்பாலானோர் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். ஃபிளாஷைத் தூக்கவிட்டு ஒரு படம்.

பிறகு வெயில் படும் வெள்ளைச் சுவர் ஒன்று தேடுங்கள். ஃபோகஸைக் கலைத்துவிட்டு எஃப் 16-ல் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் உள்ள தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். தூசி இருந்தால் சுத்தம் செய்யலாம், கீறல் இருந்தால் வேண்டாம். அதே சுவரை 1/8000 வேகத்தில் பத்துப் படம் எடுங்கள். ஒரு ஓரம் மட்டும் இருண்டு வந்தால் ஷட்டர் களைத்துவிட்டது. இதைக் கடைக்குள் எல்ஈடி விளக்கில் செய்யாதீர்கள், நல்ல கேமராவிலும் பட்டை பட்டையாக வந்து குழப்பும். லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு படம், நிறப் புள்ளிகள் நிறைய இருக்கிறதா என்று பார்க்க.

லென்ஸும் சேர்த்து வாங்கினால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஈரக்காற்று, லென்ஸில் பூஞ்சை பிடிப்பது மிகச் சாதாரணம். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், உங்கள் மற்ற லென்ஸ்களுக்கும் தொற்றக்கூடும்.

ஃபோகஸ் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ விழுந்தால் பயப்படத் தேவையில்லை. இரண்டு பாடியிலும் லென்ஸுக்கு ஏற்ப அதைத் திருத்திக்கொள்ளும் வசதி மெனுவில் இருக்கிறது. ஆரம்ப நிலை கேமராவில் அது கிடையாது.

9. பேப்பர்

இதில் சோம்பேறித்தனம் வேண்டவே வேண்டாம். கேமராவின் அடியில் உள்ள சீரியல் எண், பெட்டி ஸ்டிக்கர், பழைய பில், வாரண்டி கார்டு, நான்கிலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் பணத்தை எடுக்காதீர்கள். பெட்டி தொலைந்துவிட்டது என்பது நடக்கும், எண் மாறுவது நடக்காது.

தனி ஆளிடம் வாங்கினால் ஒரு வெள்ளைத்தாளில் விற்பனைக் கடிதம்: மாடல், சீரியல் எண், தொகை, தேதி, இருவர் பெயர், கையெழுத்து. கூடவே விற்பவரின் ஆதார் நகல், எண்ணின் முதல் எட்டு இலக்கம் மறைத்தது போதும். தவணையில் வாங்கியது என்றால் கடன் முடிந்ததற்கான காகிதம். பணத்தை யூபிஐயில் அனுப்பிக் குறிப்பில் சீரியல் எண்ணைப் போடுங்கள். என்னிடம் கடிதம் மலையாளத்தில் எழுதித் தந்தார். நமக்குப் பேச வரும், வாசிக்க வராது. வாசிக்க முடியாததில் கையெழுத்துப் போட வேண்டாம், ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கடையில் வாங்கினால் பில்லில் சீரியல் எண் கட்டாயம் இருக்கட்டும். வாய்வழி "மூன்று மாசம் கியாரண்டி"யையும் பில்லிலேயே எழுதி முத்திரை போடச் சொல்லுங்கள். புதிய கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், விலை அதைச் சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஸ்டுடியோ வைத்துத் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் உள்ளவர்கள் கவனிக்க: கேரளக் கடையில் அங்கத்து வரி போட்ட பில் வந்தால் அதை உங்கள் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. விலை குறைவாகத் தெரிந்தாலும் தென்காசியிலோ திருநெல்வேலியிலோ வாங்குவதே உங்களுக்கு லாபமாக இருக்கலாம். வாங்குமுன் ஆடிட்டரிடம் ஒரு போன்.

எல்லாவற்றையும் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் உள்ள புளியரை செக்போஸ்ட்டில் என்னை யாரும் நிறுத்திக் கேட்டதில்லை. கேட்டால் காட்டலாம்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

வந்த அன்றே பழைய கேமராவை விற்காதீர்கள். இரண்டு வாரமாவது புதியதை ஓட்டுங்கள், ஒரு நாளைக்கு நூறு படம், எல்லா லென்ஸும் போட்டு. முதலில் விற்றுவிட்டு, வாங்கியது படுத்தபோது ஒரு நிச்சயதார்த்தத்தை போனில் எடுத்துக் கொடுத்த ஆள் நான்.

மூடி இறுகும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். முள் 40-லிருந்து 50-க்குள் நிற்க வேண்டும். தோல் பையிலோ துணி பீரோவிலோ வைத்தால் ஒரே சீசனில் பூஞ்சை பிடித்துவிடும். மொத்தமும் 600 ரூபாய்க்குள் முடிந்தது. ஜெல் நிறம் மாறினால் வெறும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போடலாம், ஆனால் அந்த வாணலியை அதன்பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள்.